ஆர்கன்காரன் கால்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்குக் கைதட்டுவது என்ற விவஸ்தையே இல்லை. இசைத்தட்டில் ஊசி படுவதற்குள் தட்டுகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, ஒரு காலத்தில் கீழ்ச்சுரம் பேசும் பேஸ் கிதார் வாசித்த பேஸ்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்பது வருஷப் பழைய ஜாஸ் ஆல்பம், மறுபடி அச்சாகி வந்திருக்கிறது. ரெக்கார்டுக் கடை நடுவே நாற்காலி போட்டு, அதில் வாசித்த ஆர்கன்காரனை உட்கார வைத்திருந்தார்கள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"பேஸுக்குத் தனி ஆள் எதுக்கு? ஆர்கனுக்கு அடியில பெடல் இருக்கு, காலாலேயே வாசிச்சுக்கறேன்!" ஒரு வாரம் இவரோடு ஒத்திகை பார்த்து, அதை டேப்பிலும் பிடித்துவைத்த பிறகு, இப்படிச் சொல்லித்தான் அன்று இவரை வெளியே தள்ளினான். பேஸ் கிதாரை விற்றுவிட்டு லாரி ஓட்டப் போனவர், அந்த ஆல்பத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது அவனே போன் போட்டுக் கூப்பிட்டதும், நாலு பேர் முன்னால் அவன் மூக்கை உடைக்கத்தான் புறப்பட்டு வந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. ஆர்கன் அழுதது, கொஞ்சியது, குதித்தது. அடியில் பேஸ் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி வழுக்கிப் போயிற்று. பேஸ்காரரின் முழங்கால்கூடத் தாளம் போட்டது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முடிந்ததும், "பெரியவர் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று கடைக்காரர் மைக்கை நீட்டினார்.

"ரெண்டு வார்த்தைதானே? பேஸ் குப்பை" என்றார் பேஸ்காரர். "சேத்துல வழுக்கி விழுந்த எருமை மாதிரி இருக்கு. கையில விஷயம் உள்ளவனைத் துரத்திட்டுக் காலை நம்பினா இப்படித்தான்."

கடைக்காரர் நெளிந்தார். ஆர்கன்காரன் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

நாற்பது வருஷம் காத்திருந்ததற்கு அது போதும். கடைக்காரர் கையில் மைக்கைத் திணித்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"அண்ணே, நில்லுங்க! அந்த பேஸைப் பத்திச் சொல்லத்தான் உங்களைத் தேடிப்பிடிச்சு வரச்சொன்னேன். ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் எனக்குக் கால் முறிஞ்சு போச்சு."

"புளுகாதடா!" பேஸ்காரர் திரும்பவில்லை, நடையும் நிற்கவில்லை. "அப்போ வாசிச்சது யார் காலு?"

"காலே இல்லண்ணே. ஒத்திகை டேப்பைத்தான் ஆல்பமா போட்டோம். அது உங்க கை."