முள் ஏறிய காலை

ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மின்னசோட்டா வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து மினிவேனின் பின்பக்கம் தொங்கியே கிடந்தது. சாமான்களையெல்லாம் இறக்கியும் எழும்பவில்லை.

"உள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்க?" என்று ராய்ஸ் மனைவியை முறைத்தான்.

"உங்கம்மாவ மடிச்சு வச்சிருக்கேன்," என்றாள் டெல்லா.

பின்பக்க ஸ்பிரிங்குகளுக்குள், வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப் பைகளைச் செருகிக் காற்றடித்தான் ராய்ஸ். வண்டி நிமிர்ந்தது. காலையில் மறுபடியும் தொங்கல். காற்று கசிந்திருக்கும் என்று பைகளில் அழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்தான். முள் நேற்றைவிட மேலே நின்றது. பாரம் கூடினால்தான் அப்படி ஏறும்.

"பிள்ளைங்க வண்டியிலயா இருக்காங்க?" என்று வீட்டு வாசலைப் பார்த்துக் கத்தினான்.

"இதோ, என் பக்கத்துலதான் நிக்குதுங்க," என்றாள் டெல்லா.

பூட்டிய வண்டி லேசாகக் குலுங்கியது. அவன் கண்ணெதிரே முள் இன்னும் கொஞ்சம் ஏறியது.