விட்டுப்போன ‘தி’

“டீச்சர், நீங்களே கோட்டை விட்டுட்டீங்களே! இந்த இங்கிலீஷ் மெயில்ல மூணு இடத்துல ‘தி’யைக் காணோம். இங்க ஒரு ‘ஏ’ வரணும், அதுவும் இல்ல.”

நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் திரையைச் சுட்டிக்காட்டினாள். கெட்டிக்காரிதான்.

டீச்சர் அந்தப் பெண்ணின் விரலைத் திரையிலிருந்து விலக்கினாள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கிருந்து போகும் ஆங்கில மெயில்களைத் திருத்துவதுதான் அவள் வேலை.

“மெல்லப் பேசும்மா. தப்பு அப்படியே இருக்கட்டும்.”

“மேனேஜர் திட்ட மாட்டாரா?”

“திட்டறதோட விட்டா புண்ணியம். ஆனா, பேங்க் மெயில்ல இவ்வளவு தப்பான்னு சந்தேகப்பட்டு, ஒருத்தராவது பணத்தைப் பறிகொடுக்காம தப்பிக்கட்டுமே.”

பெண்ணின் முகம் வெளிறியது. “அப்ப இது பேங்க் வேலை இல்லையா?”

டீச்சர் கதவைப் பார்த்தாள். அது வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. “உன் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்கல்ல? இனிமே தர மாட்டாங்க.”

“என்னை வேலைக்குக் கூப்பிட்ட மெயில்ல ஒரு தப்புகூட இல்லையே டீச்சர்!” பெண் விம்மினாள். “அதை நம்பித்தானே வந்தேன்!”

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மெயிலில் ‘ஏ’யும் ‘தி’யும் பார்த்துப் பார்த்துப் போட்டவள் அவள்தான்.