பூவரசின் உப்பு

புயலில் கடல் ஊருக்குள் புகுந்து வடிந்த பிறகு எல்லோரும் மேட்டுப்பக்கம் குடிபோய்விட்டார்கள். அமிர்தவல்லி மட்டும் போகவில்லை. அன்று மீன்பிடிக்கப் போயிருந்த புருஷன் என்றைக்காவது திரும்பினால் இந்த வீட்டைத்தானே தேடி வருவார்? பேச்சுத்துணைக்கு வாசல் பூவரசுதான் இருந்தது. தென்னைகூடக் கருகிப்போன உப்பு மண்ணில் அது மட்டும் பச்சையாக நின்றது.

அந்த மரத்தைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து இலை பறித்தார்.

“இலையில ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு சின்னப் பை இருக்கும்மா. வர்ற உப்பையெல்லாம் அதுல போட்டு அடைச்சிட்டு, மரம் அது பாட்டுக்குப் பொழைச்சுக்குது.”

“பை நெறஞ்சு போச்சுன்னா?”

“அந்த இலையப் பழுக்கவிட்டு உதுத்துடும். உப்பும் அதோட போயிடும்.”

அமிர்தவல்லி மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். “அய்யோ தம்பி, நான் தெனமும் அதக் கூட்டி வேர்லயே குமிச்சு வைக்கிறேனே!”

அவர் போனதும் சருகுகளைக் கூடை கூடையாக அள்ளிக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். கடைசிக் கூடையைக் கவிழ்த்தவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அலையைப் பார்த்துக் கேட்டாள்.

“நீங்க இனிமே வரமாட்டீங்க, இல்ல?”