ஆறே ஆறு பாயின்ட்

"அப்படி ஒரு சொல்லே கிடையாது!" என்றாள் அகராதி.

மதியச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நின்ற அச்சக ஊழியர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எழுத்துக்கட்டைகளை அடுக்கிச் சொல் சேர்க்கும் ஆட்டம். பலகையில் கமா சார் தட்டுத்தடுமாறி வைத்திருந்த ஆங்கிலச் சொல் 'நைஸ்'. பள்ளிக்கூடத்தில் காலடி வைத்த குழந்தைக்கும் தெரியும். மதிப்பும் ஆறே ஆறு பாயின்ட்தான்.

கமா சார் அங்கே அச்சுப்பிழை திருத்தும் மூத்த புரூஃப் ரீடர். ஒரு கமாவுக்காக முதலாளியோடேயே மல்லுக்கு நின்றவர், அதனால் அந்தப் பெயர். மூளையில் ரத்தம் உறைந்து பல மாதம் படுத்துக் கிடந்துவிட்டு இன்றுதான் வந்திருக்கிறார். கை கால் சரியாகிவிட்டது. பேச்சுதான் முரண்டு பிடித்தது.

காலையில் மேனேஜர் அவரை உட்கார வைத்து என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். கமா சார் வாயைத் திறந்தார், மூடினார். அவ்வளவுதான்.

"சாயங்காலம் முடிவு சொல்றேன் சார்" என்றார் மேனேஜர். என்ன முடிவு என்று எல்லாருக்கும் தெரியும்.

இத்தனை நாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான் இந்த அகராதி. எந்தச் சொல்லைக் கேட்டாலும் தலைகீழாக ஒப்பிப்பாள் என்பதால் பாதிப் பெயர். மீதிப் பாதி அவள் குணத்துக்கு.

"ஏம்மா, இது கூடவா தெரியாது?" என்றார் காஷியரம்மா.

"தெரியாது. இதுக்குப் பூர்வீகமும் இல்ல, பொருளும் இல்ல. அச்சுல ஏத்துற சொல்லே இல்ல. கட்டையை எடுங்க சார்."

"நாற்காலி போயிடும்னு பயம். நோயாளின்னுகூடப் பார்க்காம மட்டம் தட்டுறா" என்று முணுமுணுத்தார் காஷியரம்மா. நாலைந்து தலைகள் ஆமோதித்தன.

டீ டம்ளரோடு வாசலில் நின்ற மேனேஜருக்கே பொறுக்கவில்லை. "விடும்மா, பாவம்."

"தப்புன்னா தப்புதான் சார்."

கமா சாரின் காது மடல் சிவந்தது. உதடு துடித்தது.

"த... தப்பு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நீ சொல்றது தப்பு!"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"லத்தீன்... லத்தீன்லேருந்து வந்தது. ஒண்ணுமே தெரியாதவன்னு அர்த்தம். அங்கேருந்து பிரெஞ்சு. இங்கிலீஷுக்குள்ள நுழையும்போது இது ஒரு திட்டு. நைஸ்னா முட்டாள்!"

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்புறம் கூச்சப்படுறவன். அப்புறம் எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்றவன். அதுக்கப்புறம் நுணுக்கம், துல்லியம். இத்தனை வேஷமும் போட்டு முடிச்சுத்தான் நல்லது, இனிமையானதுன்னு ஆச்சு. திட்டாப் பொறந்து பாராட்டா வளர்ந்த சொல்லும்மா இது. பூர்வீகம் இல்லையாம்!"

மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நாம மட்டும் சும்மா விட்டோமா? மேனேஜர் தலை மறைஞ்சதும் நைசா நழுவுறீங்களே, அது எந்த இங்கிலீஷ்காரனுக்கும் தெரியாத அர்த்தம்!"

சிரிப்பு வெடித்தது. அப்புறம் அது தானாக அடங்கியது. தினம் நூறு தரம் வாயில் போட்டு மெல்லும் ஒரு சொல்லுக்குள் இத்தனை ஜென்மமா என்று பிரமித்து நின்றார்கள். அதைவிடப் பெரிய பிரமிப்பு, போயே போய்விட்டது என்று நினைத்த அந்தக் குரல். 

மேனேஜர் கிட்டே வந்து கமா சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் எதுக்கு சார்? நாளைக்கே உங்க சீட்டுல உட்காருங்க."

சரியான சொல்லை ஆட்சேபித்தால் ஒரு வாய்ப்புப் போச்சு என்பது ஆட்ட விதி. அகராதி அதை விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போனாள். ஆட்டத்திலும் தோற்றாள்.

சாயங்காலம் மேஜை டிராயரிலிருந்து தன் பேனாக்களையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தவளிடம் காஷியரம்மா வந்து நின்றார்.

"என்னம்மா, மூக்கு உடைஞ்சுதா? ஒரு நைஸ் தெரியாதா உனக்கு?"

அகராதி நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"காலையில மேனேஜர் ரூம்லேருந்து கமா சார் வெளியே வந்தாரே, அப்ப நோட்டீஸ் போர்டுல ஒரு எழுத்துப்பிழை. அதைப் பார்த்ததும் 'தப்பு'ன்னு சொன்னார்க்கா. அவ்வளவு தெளிவா. பக்கத்துல நான் மட்டும்தான் இருந்தேன்."

"அதுக்கு?"

"கேள்வி கேட்டா அவருக்கு வாய் வராது, பிழையைப் பார்த்தாத்தான் வரும்னு புரிஞ்சுபோச்சு. அதான் எல்லார் முன்னாடியும் நானே ஒரு பிழை பண்ணினேன்."