மேலே போனவர்கள் இருவர்

தொடையை இறுக்கிய பாராசூட் பட்டையைப் பதிவாளர் அருவருப்போடு பார்த்தார். அதை மாட்டிக்கொண்டிருந்தவன், அவருடைய மகளைப் பெண் கேட்டு வந்த அதே பையன்.

"பயமா இருந்தா வேண்டாம்ப்பா" என்றாள் மகள் மறுபடியும்.

பயம் என்ற அந்த ஒரு சொல்லைப் பொய்யாக்கத்தான் அவர் செருப்பைக் கழற்றியிருந்தார். ஓய்வு பெறும்வரை அவர் கையெழுத்துக்காக ஊரே கைகட்டி நின்றது. கடற்கரையில் கண்டவர்களையும் கயிற்றில் கட்டிப் பறக்கவிடுகிறவனுக்கு அவர் வீட்டுப் பெண்ணா? இறங்கி வந்ததும் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதாக இருந்தார்.

"இவருக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும் தம்பி, பார்த்துக்கோ" என்றாள் மனைவி.

"ஏய்! வீட்டுச் சங்கதியைக் கண்டவன்கிட்டயும் ஏன் அவுத்து விடுறே?" பதிவாளர் பல்லைக் கடித்தார்.

பையன் அவருக்குப் பின்னால் தன்னையும் அதே பாராசூட்டில் மாட்டிக்கொண்டான். "படகு இழுத்ததும் நாலு எட்டு ஓடுங்க சார். மத்ததைக் காத்து பார்த்துக்கும்."

நாலு எட்டும் ஓட வேண்டியிருக்கவில்லை. அடுத்த எட்டுக்குக் கால் துழாவியபோது கீழே மணல் இல்லை.

கரை கீழே விலகிப் போனது. படகின் இரைச்சல் தேய்ந்து, காதில் காற்று மட்டும் மிஞ்சியது. அத்தனை அமைதியை அவர் அறிந்ததில்லை. சாய்ந்துகொள்ள ஒரு சுவர்கூட இல்லாத அமைதி. மனைவியும் மகளும் கடுகாகச் சிறுத்திருந்தார்கள். தொங்கிய பாதங்கள் இரண்டும் வேறு யாருடையவோ போலிருந்தன.

திடீரென்று காற்று ஒரு பக்கமாகச் சாய்த்தது.

"அம்மா!" என்று அலறினார். பின்னாலேயே அழுகை வந்தது. மூக்கு ஒழுக, தேம்பித் தேம்பி. "இறக்கி விட்டுடுப்பா... உன் கால்ல வேணா விழுறேன்..."

"கண்ணை மூடிக்கங்க சார். என் கையைப் பிடிச்சுக்கங்க."

மணலில் கால் பட்டதும் பதிவாளர் முகத்தை அழுந்தத் துடைத்தார். கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

பதிவாளர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். அவள் பையனைப் பார்த்தாள். அவன் தலை நிமிராமல் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் முன்கையில் நகம் பதிந்த தடங்கள் சிவந்திருந்தன.

பதிவாளர் மனைவியைத் தனியே அழைத்துப் போனார். முதுகு எப்போதும்போல விறைத்திருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் மகளுக்குக் கண் கலங்கியது. கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேண்டாம்னுதானே சொல்லப் போறீங்க? அவ மனசு ஒடிஞ்சு போயிடுவா" என்றாள் மனைவி.

பதிவாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சீக்கிரமாக் கல்யாணத்தை முடி. இந்தப் பையனை இனிமே வெளியாளா விட்டு வைக்க முடியாது!"