குறுக்குக் காற்று

"நான் யாருன்னு தெரியாம பேசுற தம்பி. ஆல்ப்ஸ் மலையே ஏறினவன்லா நான்!"

கிளிஃபர்ட் போட்ட சத்தத்தில் பர்மா சாலையிலிருந்த அந்த சைக்கிள் கடையின் கண்ணாடிக் கதவே அதிர்ந்தது. கடைக்காரன் தனேஷுக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது.

மனிதர் இன்றுதான் முதல் தடவையாகக் கடைக்கு வருகிறார். காரிலிருந்து இறங்கும்போதே தலையில் ஹெல்மெட். உடம்பைக் கவ்விப் பிடித்த பந்தயச் சட்டை. நடந்தால் டக் டக்கென்று தரையை அதட்டும் சைக்கிள் காலணி. பின்னால் வந்த மனைவி கிறிஸ்டலிடம், "உள்ள வந்து வாயத் திறந்தே, பாரு" என்று அவர் எச்சரித்தது தனேஷ் காதிலும் விழுந்திருந்தது.

"ஏறியிருப்பீங்க அண்ணே, சந்தோசம். ஆனா இந்த வீல் உங்களுக்கு வேணாம்" என்றான் தனேஷ்.

சுவரில் தொங்கிய கார்பன் சக்கரங்களின் விளிம்பு உள்ளங்கை அகலத்துக்கு ஆழமாக இருந்தது. ஜோடி விலை எட்டாயிரம் மலேசிய வெள்ளி.

"எதிர்காத்தக் கிழிச்சுக்கிட்டுப் போகும், இல்லேங்கல. மிச்சமாகறது என்னமோ சில செகண்டுதான். ஆனா பக்கத்துலேருந்து காத்து அடிச்சா, கப்பல் பாய் மாதிரி வாங்கிக்கும். வீலோட சேத்து ஆளையும் தூக்கிரும்."

"எனக்கே பாடமா? செபராங் ஜெயாவுல இருக்கானே என் மச்சான் டெரிக், நேத்து கடைசி ஏத்தத்துல என்னைத் தாண்டிப் போறான்! ஏன்? இந்த வீல மாட்டிட்டான். நான் தினமும் ஓட்டறவன்யா. மழை, இடி, எதுக்கும் ஒரு நாள் விட்டதில்ல!"

தனேஷ் பல்லைக் கடித்தான். போன வருஷம் முஸ்தஃபா என்ற வாடிக்கையாளரும் இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சொல்லியும் கேட்காமல் வாங்கிப் போனார். தெலுக் பஹாங் வளைவில் காற்று அடித்த அடியில் தோள் எலும்பும் இடுப்பும் போயின. அவர் மனைவி லைலா இதே இடத்தில் நின்று, "காசுக்குத்தானே வித்தே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வியை இன்னொரு பெண் வாயிலிருந்து கேட்க அவனால் முடியாது.

டயர் அடுக்கின் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற கிறிஸ்டலிடம் திரும்பினான். அவள் முகம் சிவந்து கிடந்தது.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. காசு போனா சம்பாதிச்சிக்கலாம். ஆளே போயிட்டா?"

"அவளை ஏன் இழுக்கற?" கிளிஃபர்ட் எகிறினார். "எட்டாயிரம் குடுக்கறவன் நான். விக்கிறியா, மாட்டியா?"

"மாட்டேன்! பத்தாயிரம் குடுத்தாலும் மாட்டேன். நீங்க நிறுத்தா அறுபது கிலோ தேற மாட்டீங்க. பத்து ஃபெரிங்கி கடலோர ரோட்டு வளைவுல ஒரு காத்து தட்டினா, உங்களைக் கடல்லதான் தேடணும். அப்புறம் இந்த அக்கா வந்து என் சட்டையைப் பிடிப்பாங்க!"

"பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் எதுக்குய்யா சைக்கிள் கடை? காத்தோட மல்லுக்கட்டறவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்!"

அதற்குமேல் கிறிஸ்டலால் பொறுக்க முடியவில்லை.

"எந்தக் கடலு, எந்த வளைவு தம்பி? அந்த சைக்கிள் வாங்கின நாள்லேருந்து எங்க வாசப்படியைத் தாண்டினதில்ல! பின் சக்கரத்தக் கழட்டி சுவத்துல சாத்திட்டு, ஹால்ல ஒரு மெஷின்ல பூட்டி, டிவியில மலையப் பாத்துக்கிட்டே மிதிக்கிறாரு. டெரிக்கும் அவன் வீட்டு ஹால்ல அதேதான்; ரெண்டு பேருக்கும் போட்டியே அந்த டிவிக்குள்ளதான். இவர் மேல அடிக்கிற ஒரே காத்து, நான் போட்டு விடற ஃபேன்தான். இன்னையிலேருந்து அதுவும் கிடையாது!"