கென்யாவுக்கு ஒரு குலவை

பருத்திக் காட்டில் வெயில் சாய்கிறது. மடி நிறையப் பருத்தியோடு சங்கரம்மாள் உடைமர நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். மருமகள் பிரித்திகா நீட்டும் கைப்பேசியில், கட்டிலில் படுத்திருக்கும் கென்யாக்காரி அகினி தெரிகிறாள். தொண்ணூற்றைந்தில், சீனாவில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்கு மாதர் சங்கம் சங்கரம்மாளை அனுப்பியிருந்தது. பாஷை புரியாத அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு குலவை கேட்க, நம்ம ஊர்க்காரி என்று நினைத்து இவளும் பதிலுக்குக் குலவையிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டவள் அகினி. “அத்தை, அவியளுக்குப் பேச்சு நின்னுபோச்சாம். காது நல்லாக் கேக்குமாம், பேசுங்க” என்கிறாள் பிரித்திகா. “என்னத்தட்டி பேச? எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது ஒண்ணுதான்.” சங்கரம்மாளின் கணவன் இறந்த பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவளைக் குலவையிட யாரும் விட்டதில்லை. பருத்தி எடுக்கும் பெண்களை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். நாக்கைச் சுழற்றுகிறாள். முதலில் வெறும் காற்றுதான் வருகிறது. பிறகு கரிசல் முழுக்கக் கேட்கும்படி குலவை எழும்புகிறது. மேய்கிற ஆடுகள் தலை தூக்குகின்றன. திரையில் அகினியின் வாய் திறந்து, நாக்கு மெல்ல அசைகிறது, சத்தம் வரவில்லை. சங்கரம்மாள் காத்திருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், பருத்திச் செடிகளுக்கு நடுவிலிருந்து, பதில் குலவை கிளம்புகிறது.